கடைசி வயலுக்கு இருபத்துநாலு வோல்ட்

பத்தாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் நடத்துகிற பாடம் ஒன்று உண்டு. மின்கலங்களைத் தொடரிணைப்பில் கோத்தால் வோல்ட் கூடும். பக்க இணைப்பில் கோத்தால் வோல்ட் அப்படியே இருக்கும், ஆனால் நெடுநேரம் தாங்கும். கரும்பலகையில் நெட்டைக் கோடும் குட்டைக் கோடுமாகப் படம் போட்டுவிட்டால் ஒரே பீரியடில் முடிந்துவிடும். அந்தப் படத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாக எரிச்சல். அதில் எல்லாக் கலங்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஒத்த மின்கலங்கள் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போகவேண்டும். எங்கள் தெருவில் ஒத்ததாக எதையும் நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு இரண்டு மா நிலம். மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர், ஆகவே பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தெருவில் பிறந்தவர்கள் காலம் காலமாக அடுத்தவர் வயலில்தான் நட்டார்கள், அறுத்தார்கள். அப்பா கண்ணை மூடுவதற்குள் எப்படியோ இதை வாங்கிப் போட்டார். அம்மா அதில் நடவு நட இறங்கிய முதல் நாள், சொந்த வயலில் நடும்போதும் முதுகு வலிக்கத்தான் செய்கிறது என்று சிரித்தாளாம்.

நிலம் எங்களுடையதுதான். தண்ணீர்தான் எங்களுடையதில்லை. வாய்க்காலிலிருந்து எங்கள் வயலுக்கு நேர்வழி கிடையாது. நடுவில் இருப்பது முழுக்க ஒரே ஆளின் நிலம். தண்ணீர் அவருடைய மேல்வயலில் நுழைந்து, வயலுக்கு வயல் இறங்கி, கடைசி வரப்பில் வெட்டிய மடை வழியாக எங்களிடம் வந்து, எங்களைத் தாண்டி வடிகாலில் விழும். அவரை ஊரில் எப்படி அழைத்தாலும் எங்கள் வீட்டில் மேலவயல்காரர் என்றுதான் சொல்வோம். தொடரிணைப்புக்கு இதைவிட நல்ல படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நடுவில் ஒரு இடத்தில் அறுத்துவிட்டால் கடைசியில் இருப்பவனுக்கு ஒன்றும் கிடையாது.

ஆகையால் ஒவ்வொரு சம்பாவிலும் அம்மா போய்த் தண்ணீர் கேட்பாள். அவர் வீட்டு வாசல் பக்கம் போகமாட்டாள். கொல்லைப் பக்கம் போய், கிணற்றடியில் நட்டிருந்த நார்த்தங்கன்றின் பக்கத்தில் நின்றுகொள்வாள். யாராவது கைகழுவ வெளியே வரும்வரை நிற்கவேண்டும். கூப்பிடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் கூப்பிட்டுப் பழக்கமில்லை. சின்ன வயதில் நானும் கூடப் போய் நின்றிருக்கிறேன். அப்போது அந்தக் கன்று என் இடுப்பு உயரம் இருந்தது. மேலவயல்காரர் வந்து பார்ப்பார், "பாக்கலாம்" என்பார், உள்ளே போய்விடுவார். ரெண்டு நாள் கழித்துத் தண்ணீர் வரும், அல்லது வராது. அம்மா இதை ஒரு பொருட்டாகவே பேசமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படித்து, வேலைக்குப் போய், ஊரில் நாலு பேர் டீச்சர் என்று கூப்பிட்ட பிறகும் அந்தக் கொல்லையை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்தது.

இந்தத் தை மாதம் விஷயம் முற்றிவிட்டது. மேலவயல்காரர் போர்வெல் தண்ணீரில் முன்னாலேயே நாற்று விட்டு முன்னாலேயே நட்டுவிட்டார். அவர் வயல் நிறைந்து எங்களுக்குத் தண்ணீர் இறங்கத் தாமதமானதால் நாங்கள் நட்டது பின்னால். பொங்கல் கழிந்த வாரம் அவர் பயிர் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது, எங்கள் கதிரில் அப்போதுதான் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அறுவடை மெஷின் இறங்கினால் புதையக்கூடாது என்று அவர் வாய்க்கால் மடையை அடைத்து வயலைக் காயப்போட்டார். மார்கழியில் மழையும் சரியாகப் பெய்யவில்லை. எங்கள் வயல் விரல் நுழைகிற அளவு வெடித்துவிட்டது. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று கடைத்தெருவில் சிலர் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். வரப்போரமாகச் சின்னதாக ஒரு கால்வாய் இழுத்துவிட்டால் அவர் வயலும் காயும், எங்கள் வயலும் நனையும். அந்த நியாயத்தை அவரிடம் எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா தலையை முடிந்துகொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்கத் தேவையில்லை. நான் நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டேன்.

"பயிரு பால் புடிச்சு நிக்குதுடி. ஒன் ரோஷத்த வச்சிகிட்டா நெல்லு முத்தும்?" என்றாள்.

முத்தாது. அது எனக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமைவரை பொறுத்துக்கொள், தண்ணீர் நான் கொண்டுவருகிறேன், வராவிட்டால் நீ போ, நான் தடுக்கமாட்டேன் என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எங்கிருந்து கொண்டுவருவாய் என்று கேட்டாள். வடிகாலிலிருந்து என்றேன்.

எங்கள் வயலுக்குத் தெற்கே வடிகாலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் தேங்கி நின்றது. எல்லா வயல்களையும் நனைத்துவிட்டு யாருக்கும் வேண்டாமென்று வந்து விழுந்த தண்ணீர். அதை ஒரு ஆள் உயரம்கூட ஏற்றவேண்டியதில்லை. ஆனால் வடிகால் கரை ஒற்றையடிப் பாதை, டீசல் எஞ்சினைக் கொண்டுபோக மேலவயல்காரரின் வரப்பைத் தவிர வேறு வழியில்லை, ஊரில் வாடகைக்கு விடுகிற எஞ்சினும் அவருடைய மச்சானுடையதுதான். கரண்ட் கம்பம் அந்தப் பக்கமே கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு சின்ன டிசி மோட்டார். சோலார் பலகை பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று போன வருஷம் போனில் ஆர்டர் போட்டு வாங்கி, பலகை வாங்காமலே கட்டிலுக்கடியில் கிடந்தது. அம்மா அதற்கு என் சீதனம் என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு கையில் தூக்கிக்கொண்டு வடிகால் கரையோடு நடந்துவிடலாம், யார் வரப்பிலும் கால் வைக்க வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது இருபத்துநாலு வோல்ட்.

தெருவில் ஓடுகிற வண்டிகளில் எல்லாம் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதான். இரண்டு லோடு ஆட்டோ, ஒரு கால் டாக்ஸி, ஒரு பழைய வேன். நான் கேட்கப் போனது ஒரு வீட்டில்தான். மற்றவை தானாக வந்தன. வாய்க்கால் தூர் வாரினாலும், கோயிலுக்குக் காப்புக் கட்டினாலும், யாராவது செத்துப்போனாலும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று என்பது வழக்கம். ஆள் என்றால் ஆள், அரிசி என்றால் அரிசி. இந்த முறை பேட்டரி. ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது, திங்கள் செவ்வாயும் ஓட்டாவிட்டால் குடிமுழுகிப் போகாது என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தார்கள். எதற்கு என்று சொன்னபோது டாக்ஸி ஓட்டுகிறவர் பெரிதாகச் சிரித்தார். அவருடைய அம்மாவும் அதே நார்த்தங்கன்றின் பக்கத்தில் நின்றவள்தான்.

நாலு பேட்டரியை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. நாலையும் ஒரே வரிசையில் கோத்துவிட்டால் மோட்டார் பிய்த்துக்கொண்டு ஓடும் என்றார் வேன்காரர். ஓடும், நாற்பத்தெட்டு வோல்ட்டில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் புகைந்து போகும். பிளஸ்ஸையெல்லாம் பிளஸ்ஸோடும் மைனஸையெல்லாம் மைனஸோடும் சேர்த்தால் பத்திரம் என்றார் இன்னொருவர். பத்திரம்தான், பன்னிரண்டு வோல்ட்டில் மோட்டார் முனகிக்கொண்டே சுற்றும், தண்ணீர் குழாயின் பாதியில் நின்று எங்களைப் பார்க்கும். ரெண்டு ரெண்டாக ஜோடி சேர்த்தேன். ஜோடிக்குள் தொடரிணைப்பு, ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸுக்கு. அப்போது இருபத்துநாலு. அந்த இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தேன். பாரத்தை ரெண்டு ஜோடியும் பாதிப் பாதியாகச் சுமக்கும், ரொம்ப நேரம் தாங்கும். லோடு ஆட்டோ பேட்டரியை லோடு ஆட்டோவோடும், கார் பேட்டரியை வேன் பேட்டரியோடும்தான் சேர்த்தேன். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைவிட இதில் கவனமாக இருக்கவேண்டும். ஜோடியில் ஒன்று நோஞ்சானாக இருந்தால் மற்றதும் சேர்ந்து படுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கு ஒன்றாகப் பேட்டரிகளைச் சும்மாட்டின் மேல் தூக்கிக்கொண்டு வடிகால் கரையில் நடந்தோம். கடைசிக் கிளிப்பை மாட்டியதும் குழாய் ஒரு முறை துள்ளியது, பிறகு தண்ணீர் வந்தது. கையளவு தண்ணீர்தான். வெடிப்புகளுக்குள் விழுந்து விழுந்து அது மண்ணில் மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எப்போது மேலே எழுந்து பரவும் என்று. பரவியது. சாயங்காலத்துக்குள் தெற்குப் பாதி நனைந்துவிட்டது. அன்று ராத்திரி அம்மா கையால் எனக்கு மீன் குழம்பு கிடைத்தது.

இரவோடு இரவாக அவரவர் வீட்டில் சார்ஜ் போட்டு, திங்கட்கிழமை காலையில் மறுபடி மாட்டிக் கொடுத்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வயல் காலையில் விட்ட இடத்திலேயே நின்றது. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக. அம்மா வரப்பில் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேட்டரிகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வேன்காரர் கொடுத்தது ஓரமாகக் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் இடத்தில் வேறொன்று இருந்தது, தலையில் உப்புப் பூத்து, ஒரு மூலையில் பெயின்ட் பட்டது. பெயின்ட்டைப் பார்த்தே அடையாளம் தெரிந்தது. எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டியவர். அவர் செத்துப்போனபிறகு அந்த ஆட்டோ தார்ப்பாய் போர்த்தி அப்படியே நிற்கிறது. விற்றுவிடச் சொன்னால் அக்கா சண்டைக்கு வருவாள். நான் பள்ளிக்கூடம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவளே அந்தப் பேட்டரியைக் கழற்றி, இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வயல்வரை வந்திருக்கிறாள். வீட்டுக்கு ஒன்று என்றபோது அவள் வீட்டை மட்டும் யாரும் கேட்கவில்லையாம். அம்மாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவள் கண்ணெதிரிலேயே மாட்டவேண்டுமென்று, நடவு வரிசையில் ஒருத்தி இறங்கினால் இன்னொருத்தி கரையேறி முதுகு நிமிர்த்துகிற மாதிரி, அம்மா வேன் பேட்டரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இதை உள்ளே இறக்கிவிட்டாள்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் காட்டவேண்டியது பத்தரைதான் காட்டியது. ஒரு பேட்டரிக்குள்ளேயே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட் சொச்சம், எல்லாம் தொடரிணைப்பில். இதில் ஒரு செல் செத்துவிட்டது. அதனால் அந்த ஜோடி மற்ற ஜோடியைவிடத் தாழ்ந்துபோய், மோட்டாருக்குப் போகவேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கைத் தனக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. நல்ல ஜோடி பகல் முழுக்க மோட்டாரையும் சுமந்து இந்தச் சீக்காளிக்கும் ஊட்டி, ரெண்டும் கெட்டு இளைத்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருக்கிற மூன்று நாள் அவகாசத்தில் ஒரு நாளையே தின்றுவிட்டாயே என்று அம்மாவைக் கத்தினேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஒதுக்கி வக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்ச தெருவுடி இது," என்றாள் அம்மா. "நம்மளே ஒருத்திய ஒதுக்கி வக்கலாமா?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் பாடம் என்னவோ பாடம்தான். செத்த செல்லுக்கு நம் மனசு தெரியாது. அதைத் தொடரில் வைத்தால் வயல் காயும், வயல் காய்ந்தால் புதன்கிழமை அம்மா அந்தக் கொல்லையில் நிற்பாள். நான் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, இதை மற்ற பேட்டரிகளோடு சேர்க்கமுடியாது என்று. அவள் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"மிச்சம் அஞ்சு இருக்குல்ல?" என்றாள். "அதுக்குத் தனியா ஒரு வேலை சொல்லு."

தனியாக, பத்தரை வோல்ட்டில், கொஞ்சமாக மின்சாரம் தின்கிற வேலை. நான் யோசிப்பதற்குள் அவளே தார்ப்பாயைத் தூக்கிவிட்டு ஆட்டோவுக்குள் தலையை விட்டாள். அவர் அந்த ஆட்டோவில் ஒரு பாட்டு செட் வைத்திருந்தார். தெருமுனையில் திரும்பும்போதே இன்னார் வருகிறார் என்று குழந்தைகளுக்கும் தெரிந்துவிடும், அவ்வளவு சத்தம். செட்டையும் இரண்டு ஸ்பீக்கரையும் அவள் கழற்றி எடுத்துக்கொண்டாள். நான் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். என்ன காரணம் என்று தலைமையாசிரியை கேட்டதற்குப் பாடம் சம்பந்தமான வேலை என்றேன், பொய்யில்லை. வேன் பேட்டரி அதன் ஜோடியோடு திரும்பச் சேர்ந்தது, இரண்டு ஜோடியும் பக்க இணைப்பில் நின்றன, குழாயில் கையளவு தண்ணீர் கொட்டியது. கொஞ்சம் தள்ளி, வரப்பின் மேல், யாரோடும் கோக்காமல், அக்காவின் பேட்டரி. அதிலிருந்து இரண்டு கம்பி பாட்டு செட்டுக்கு. அவள் பொத்தானை அழுத்திவிட்டுச் சத்தத்தை முழுக்கத் திருகினாள். நாதசுரமும் தவிலும் அந்த வெட்டவெளியில் அப்படி ஒரு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வயல் கொக்கெல்லாம் எழுந்து போயின. அக்கா இடுப்பில் கைவைத்து நின்று, அவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றியிருப்பார் என்றாள்.

சத்தம் கேட்டு மேலவயல்காரர் வந்தார். தன் வரப்பு முடிகிற இடத்தில் நின்றுகொண்டு குழாயைப் பார்த்தார், பேட்டரிகளைப் பார்த்தார், பாட்டு செட்டை ரொம்ப நேரம் பார்த்தார். என்னைப் பார்த்து, டீச்சரம்மா விஞ்ஞானமெல்லாம் காட்டுறீங்க போலிருக்கே என்றார். விஞ்ஞானம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் அது ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏம்மா, யாரக் கேட்டுத் தண்ணி எறைக்கிற?"

அம்மா சேற்றில் நின்றிருந்தாள். குழாயின் வாயில் சிக்கிய பாசியை எடுத்துப் போட்டாள். நிமிர்ந்தாள்.

"யாரயும் கேக்கலங்க," என்றாள். "இனிமே கேக்கறதில்லன்னு இருக்கோம்."

மரியாதை குறையவில்லை, குரலும் உயரவில்லை. மீதிப் பேச்சு வரும், வழக்கமான குழைவு வரும் என்று அவர் காத்திருந்தார் போலும். வரவில்லை. அறுப்புக்கு மெஷின் என் வயல் வழியாகத்தானே வரவேண்டும், அப்போது பார்க்கலாம் என்று சொன்னார். அதே பாக்கலாம். வீட்டில் அரிவாள் இருக்கிறது, தெருவில் அறுக்கத் தெரிந்த கை நிறைய இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அதற்கு மேல் அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. தவில் அடிக்க அடிக்கத் தன் வரப்பிலேயே திரும்பிப் போனார்.

அவர் தலை மறையும்வரை அம்மா அந்தப் பக்கமே பார்த்திருந்தாள். அவள் இரண்டு கையையும் குழாய்த் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்குச் சந்தோஷமா, கோபமா, இத்தனை வருஷம் அவளை நிற்கவிட்டோமே என்ற வயிற்றெரிச்சலா, எல்லாம்தான்.

தண்ணீர் வடக்கு வரப்பைத் தொட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் இருந்த சோற்றைச் சாப்பிட்டோம். அடுத்த சம்பாவுக்குள் வடிகால் கரையில் சோலார் பலகை நிறுத்திவிடவேண்டும், வாய்க்காலிலிருந்து அதே கரையோரமாகச் சுற்றி எங்களுக்கென்று தனிக் குழாய் கேட்டு மனுப் போடவேண்டும் என்று நான் பேசிக்கொண்டே போனேன். அம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவள் மேலவயல்காரர் வீட்டுத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நார்த்தங்கன்னு நான் மொத மொத போயி நின்னப்ப முழங்கா ஒசரம் இருந்துச்சு," என்றாள். "போன வருஷம் அதோட நெழலுலதான் நின்னேன். காய் கூட வச்சிருந்துச்சு."

அவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் காச்சிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து, பாட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள்.